ஸ்பானிஷ் படிக்க சலமாங்காவா, கிரனாடாவா?

ஒரு மாதம் ஸ்பெயினிலேயே தங்கி ஸ்பானிஷ் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் தடுமாறுவார்கள். இரண்டுமே பழைய பல்கலைக்கழக ஊர்கள். சலமாங்கா பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது, கிரனாடாவினுடையது 1531இல். வெளிநாட்டவருக்கான மொழி வகுப்புகளுக்கு இரண்டு இடத்திலும் பஞ்சமில்லை. வகுப்பறைக்குள் பெரிய வித்தியாசமும் கிடையாது; வினைச்சொல் அட்டவணை எங்கே போனாலும் அதே அட்டவணைதான். மதியம் வகுப்பு முடிந்து தெருவில் இறங்கிய பிறகுதான் ஊர் தன் வேலையைக் காட்டும். நான் சலமாங்காவில் நான்கு வாரமும் கிரனாடாவில் இரண்டு வாரமும் இருந்தேன்.

முதலில் காது. சலமாங்காவில் கேட்பது பாடப்புத்தகத்தின் ஒலிப்பதிவில் வருகிற அதே காஸ்டில்லா உச்சரிப்பு, அதாவது நடு, வட ஸ்பெயினின் பேச்சு. சொல்லின் கடைசி எழுத்துவரை தெளிவாக விழும். 'கிராசியாஸ்' என்பதில் நடுவில் வரும் 'சி'யை மட்டும் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். அது இரண்டு நாளில் பழகிவிடும்.

கிரனாடா கதை வேறு. ஏறக்குறைய என்பதற்கு 'மாஸ் ஓ மேனோஸ்' என்று மனப்பாடம் செய்துகொண்டு போனால், கடைக்காரர் 'மா ஓ மேனோ' என்கிறார். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' பல நேரம் காற்றோடு போய்விடுகிறது. பன்மையைக் காட்டுவதே அந்த 'ஸ்'தான் என்பதுதான் வேதனை. முதல் நான்கு நாள் நான் சிரித்துத் தலையாட்டியே காலம் தள்ளினேன்.

நமக்கு ஒரு சௌகரியம் உண்டு, அது இரண்டு ஊருக்கும் பொது. ஸ்பானிஷின் 't' நம் 'த' மாதிரி பல்லில் பட்டு வருவது, மூச்சுக்காற்று சேராது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்று ரகரத்தை உருட்டிச் சொன்னால் நாய். ரகர றகரத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கியவர்களுக்கு இதன் முக்கியத்துவம் சட்டென்று புரியும்.

சலமாங்காவின் பலம், ஊரே கைக்குள் இருப்பது. பார்க்க வேண்டியதெல்லாம் நடந்துபோகும் தூரம். பழைய கட்டடங்கள் வில்லாமயோர் என்ற பக்கத்து ஊர்க் கல்லால் கட்டியவை, மாலை வெயிலில் பொன்னிறமாகிவிடும். பல்கலைக்கழகத்தின் பழைய முகப்புச் சிற்பங்களுக்கு நடுவில் ஒரு மண்டையோட்டின் மேல் குட்டித் தவளை உட்கார்ந்திருக்கிறது. யார் உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடித்தால் பரீட்சையில் தேறலாம் என்பது நம்பிக்கை. எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம், 'தோந்தே எஸ்தா லா ரானா?' என்றேன். தவளை எங்கே என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். வலது பக்கம், இன்னும் மேலே, அவ்வளவு மேலே இல்லை என்று பத்து நிமிடம் என்னைப் பாடாய்ப்படுத்தினார். திசைச் சொற்கள் எனக்கு நிலைத்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. மொழி படிக்க வந்தவர்கள் அத்தனை பேர். மாலையில் பிளாசா மயோர் சதுக்கத்தில் 'கடிகாரத்துக்குக் கீழே சந்திப்போம்' என்று சொல்லிக்கொண்டு கூடுகிறோம், கூடியதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். இரண்டாவது வாரம் எனக்கு ஸ்பானிஷைவிட ஆங்கிலம்தான் நன்றாக வளர்ந்தது.

கிரனாடாவில் அந்தச் சொகுசை மதுக்கடைகள் கெடுத்துவிடும். ஒரு பானம் வாங்கினால் கூடவே சிறு தட்டில் தாபா என்ற கொறிக்கும் பண்டம் இலவசமாக வரும். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. மேசையில் ஒதுங்காமல் கவுண்ட்டரில் நின்றால் யாராவது பேச்சுக் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். சைவக்காரர்கள் மட்டும் உஷார். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் ஒரு கடையில் பன்றித் தொடைத் துண்டுகள் வந்தன. கேட்டதற்கு, 'இது இறைச்சி இல்லை, ஹமோன்' என்றார்! இறைச்சியும் வேண்டாம், ஹமோனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

பருவமும் முக்கியம். சலமாங்கா சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலம் எலும்புக்குள் இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் கிரனாடா நம் கத்திரி வெயிலுக்குச் சளைத்ததல்ல.

மூன்றாவதாகச் சிலர் அல்கலா தெ எனாரெஸ் என்பார்கள். 'டான் கிஹோத்தே' எழுதிய செர்வாண்டெஸ் பிறந்த ஊர், கோபுரமெங்கும் நாரைக் கூடுகள், மட்ரிடிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அழகான ஊர்தான். ஆனால் மட்ரிட் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மாலையில் அங்கேயே தங்க மனம் வருமா என்பது சந்தேகம்.

ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு என் ஓட்டு சலமாங்காவுக்கு. அதுவும் ஒரு ஸ்பானிஷ் குடும்பத்தோடு தங்குவதாக இருந்தால் மட்டும். ஓரளவு பேச வந்துவிட்டதென்றால் யோசிக்காமல் கிரனாடா. போவதென்று முடிவானதும் அங்கிருக்கும் பழைய கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவுக்கு டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். அதில், கோட்டைக்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய ஒரு நேரம் குறித்திருக்கும். தவறவிட்டால் எந்த மொழியில் கெஞ்சினாலும் விட மாட்டார்கள்.