கிரியான் 25000: சாப்பாட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை

கணையப் புற்றுநோய்க்கு விப்பிள் ஆபரேஷன் (கணையத்தின் தலைப்பகுதியை நீக்குவது) முடிந்து கோவையிலிருந்து மலையேறி வருபவர்களின் மருந்துப் பையில் கிரியான் 25000 என்ற இந்த ஜீரணக் காப்ஸ்யூல் அநேகமாக இருக்கும். ஆபரேஷன் செய்ய முடியாமல் கீமோவில் மட்டும் இருப்பவர்களுக்கும் எழுதித் தருகிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இதைப் பற்றிச் சொல்லப்படும் குறை ஒன்றுதான்: விலை அதிகம், பலன் இல்லை. விலை அதிகம் என்பது நிஜம். பலன் இல்லாமல் போவது பெரும்பாலும் அதை விழுங்கும் நேரத்தால்.

உள்ளே இருப்பது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த என்சைம்கள். கொழுப்பை உடைக்க லைபேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்குப் புரோட்டியேஸ். சைவக் குடும்பங்களுக்கும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; பாதியில் தெரியவந்தால் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். பப்பாளி என்சைமோ டயஸ்டேஸோ கலந்த ஜீரண டானிக்குகள் இதற்கு ஈடாகாது. பெயரிலுள்ள 25000 என்பது லைபேஸ் யூனிட். அட்டையில் பான்கிரியாட்டின் 300 மி.கி. என்றும் இருக்கும். வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறுவதானால் மில்லிகிராமைப் பார்க்காதீர்கள், லைபேஸ் யூனிட்டைப் பாருங்கள். யூனிட்டே போடாத அட்டையை வாங்காமல் இருப்பது மேல்.

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்தால் ஜீரண நீர் வரும் குழாய் அடைபடும். விப்பிளில் அந்தத் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாம் போய்விடும். மீதிக் கணையம் சுரப்பது பலருக்குப் போதாது. அந்தப் பற்றாக்குறையைத்தான் காப்ஸ்யூல் ஈடுகட்டுகிறது.

காப்ஸ்யூலின் மேல்கூடு வயிற்றில் கரைந்ததும், உள்ளிருக்கும் கடுகைவிடச் சிறிய மணிகள் சோற்றோடு கலக்கின்றன. மணிகளின் பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாது. அமிலம் குறைந்த சிறுகுடலில்தான் கரையும். வெறும் வயிற்றில் விழுங்கினால் மணிகள் சோறு வருவதற்குள் இறங்கிவிடும். கை கழுவிய பிறகு விழுங்கினால் சோறு முந்திவிடும். மெடிக்கல் ஷாப் கவரில் ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. இந்த மருந்துக்கு இரண்டுமே பொருந்தாது. முதல் வாய் உணவோடு ஒன்று, இரண்டாவது இருந்தால் பாதிச் சாப்பாட்டில். காப்ஸ்யூலை மெல்லக் கூடாது, வாய் புண்ணாகிவிடும். விழுங்க முடியாதவர்கள் கூட்டைத் திறந்து, மசித்த ஆப்பிள் போன்ற புளிப்புள்ள, சூடில்லாத உணவில் மணிகளைக் கலந்து உடனே விழுங்கித் தண்ணீர் குடிக்கலாம். பாலில் கலக்கக் கூடாது.

அடுத்த பிரச்சினை 1-1-1 என்ற சீட்டு. பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்லும் தொடக்க அளவு, முழுச் சாப்பாட்டுக்கு 50,000 யூனிட், சிறுதீனிக்கு 25,000. மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வேளைச் சிறுதீனி என்றால் நாளுக்கு 9 காப்ஸ்யூல், மாதத்துக்கு 270. நாளுக்கு மூன்று போட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பதில் அர்த்தமில்லை. உங்கள் சீட்டில் அளவு குறைவாக இருந்தால் நீங்களே கூட்டாமல் டாக்டரிடம் கேளுங்கள். உடல் எடையைப் பொறுத்து உச்ச வரம்பும் உண்டு.

மலையில் சிறுதீனி என்றால் டீயும் வர்க்கியும். கட்டஞ்சாயாவுக்குக் காப்ஸ்யூல் வேண்டாம். பழத்துண்டுக்கும் வேண்டாம். வர்க்கியில் கொழுப்பு நிறைய, அதற்கு ஒன்று வேண்டும். சாயங்கால பஜ்ஜி, போண்டாவுக்கும் அப்படியே. ஆனால் ஆவி பறக்கும் டீயோடு விழுங்காதீர்கள், சூட்டில் என்சைம் கெடும். ஆறிய தண்ணீர் போதும்.

வேலை செய்கிறதா என்று மலத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெளிறி, எண்ணெய் மிதந்து, பேசினில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றியும் போகாமல் நாற்றமடித்தால் கொழுப்பு ஜீரணமாகவில்லை. மார்ஃபின், ட்ரமடால் போன்ற வலி மருந்து எடுப்பவர்களுக்கு மலச்சிக்கலில் இந்த அறிகுறி மறைந்துவிடும், அவர்கள் வாராவாரம் எடை பார்க்க வேண்டும். அளவும் நேரமும் சரியாக இருந்தும் மாற்றமில்லை என்றால் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்ப்பார்கள்; குடலில் அமிலம் மிஞ்சினால் மணிகளின் பூச்சு நேரத்துக்குக் கரையாது. மஞ்சள் காமாலை திரும்பி, குளிர்க் காய்ச்சலும் வந்தால் அது காப்ஸ்யூல் விஷயமே இல்லை. பித்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட் (சிறு குழாய்) அடைத்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு, எண்ணெயை அடியோடு நிறுத்தி வெறும் கஞ்சியாகக் கொடுப்பது. ஆள் மெலிந்தால் கீமோவைத் தாங்க முடியாது. எண்ணெயைக் குறைப்பதற்குப் பதில் காப்ஸ்யூலைச் சரிசெய்ய வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் இதைத் தொடங்கியதும் சர்க்கரையை அடிக்கடி சோதிக்கட்டும்: முன்பு வீணாய்ப் போன சாப்பாடு இப்போது உடம்பில் சேரும்.

இந்தக் காப்ஸ்யூல் புற்றுநோயைக் குணமாக்காது. அதிக அளவு என்சைமோடு விசேஷப் பத்தியம், காபி எனிமா என்று அமெரிக்காவில் ஒரு சிகிச்சை முறை பரவி, அதைக் கீமோவோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். கீமோ எடுத்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 14 மாதம் வாழ்ந்தார்கள், அந்த முறைக்குப் போனவர்கள் 4.3 மாதம். ‘என்சைம் தெரபி’ என்று யாராவது விளம்பரம் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

காப்ஸ்யூலை 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஊட்டியில் அறையே போதும், ஃபிரிட்ஜ் தேவையில்லை. விறகடுப்பு மேல் பலகையில் மட்டும் வைக்காதீர்கள். கீமோவுக்குக் கீழே இறங்கும்போது வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் போட்டால் கெட்டுவிடும், கைப்பையில் வையுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் 25000 எப்போதும் இருக்காது. 40000-ம் 10000-ம் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து ஒரு வேளைக்கு அதே 50,000 ஆக்கலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. ஐப்பசி மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கான கையிருப்பு, அதாவது 126 காப்ஸ்யூல், வீட்டில் இருக்கட்டும்.