க்ளீப்பா, ஹைட்டா? வழக்கொழிந்த இரண்டு ஆங்கில வினைகள்

இன்றைய ஆங்கிலத்தில் பெயர் சொல்லி அழைக்க 'கால்' (call) என்ற வினை போதும். அது வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியோடு வந்து சேர்ந்த சொல். அது வேரூன்றும் முன்பே அந்த வேலையைப் பார்த்தவை க்ளீப் (clepe), ஹைட் (hight).

க்ளீப்புக்கு முதலில் கூவு, கூப்பிடு என்று பொருள். பெயரிடு என்பதும் உண்டு. பிற நாட்டார் தம்மைக் குடிகாரர் என்கிறார்களே என்று ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நொந்துகொள்ளும் இடத்தில் வருவது இந்த வினைதான். இன்று, பெயர்கொண்ட என்ற பொருளில், 'இக்ளெப்ட்' என்ற எச்சம் மட்டும் எப்போதாவது தலைகாட்டும்.

என் மனம் ஹைட் பக்கம்தான். அதன் மூலமான பழைய ஆங்கில 'ஹாட்டன்' கட்டளையிடு, வாக்குக்கொடு, பெயரிடு என்று மூன்று பொருள் சுமந்தது. அதைவிட அழகு, 'அழைக்கப்படுகிறான்' என்பதைத் துணைவினையே இல்லாமல் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடும். பழைய ஆங்கிலத்தில் இப்படிச் செயப்பாட்டு வடிவத்தைக் காத்து வைத்திருந்த வினை இது ஒன்றுதான். தமிழில் நாம்கூட 'படு' சேர்த்தாக வேண்டுமே! க்ளீப் போன இடத்தைக் 'கால்' நிரப்பிவிட்டது. ஹைட்டோடு ஒரு இலக்கண வடிவமே போனது.

ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு 'ஹைசென்' இன்றும் நலம். அங்கே பெயர் கேட்டால், அந்த வினையை வைத்தே பதில் சொல்கிறார்கள்.