ஆர்டர் போடாமல் வந்த 'இலவசப் பரிசு' பார்சலா? ஸ்கேன் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

பெயர் சரி, முகவரி சரி, ஃபோன் நம்பரும் சரி. ஆனால் நீங்கள் எதுவும் ஆர்டர் போடவில்லை. உள்ளே மலிவான மோதிரமோ சார்ஜரோ இருக்கும். கூடவே விளம்பரப் பரிசு என்று ஓர் அட்டை.

இப்படி வருபவற்றில் பல, 'பிரஷ்ஷிங்' மோசடி. விற்பனையாளர் உங்கள் பெயரில் கணக்கு திறந்து, தன் கடையில் தானே ஆர்டர் போடுகிறார். டெலிவரி ஆனதாகப் பதிவானால்தான் வாங்கியவர் பெயரில் ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுத முடியும். அதற்காகவே எடை குறைந்த ஏதோவொன்றை அனுப்புகிறார்கள். 2020 ஜூலையில் அமெரிக்கா முழுக்கப் பலர், தாங்கள் கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்ததாகச் சொன்னார்கள். அதுவும் இந்த மோசடியாக இருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். பல உறைகளில் நகை என்று எழுதியிருந்தது. விதை வந்தால் நடவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். களையும் பயிர்நோயும் பரவலாம். உறையோடு வேளாண் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

பணம் போவது அட்டையில் உள்ள க்யூஆர் கோடு வழியாகத்தான். 'அனுப்பியவர் யாரென்று அறிய ஸ்கேன் செய்யுங்கள்' என்று இருக்கும். அந்தப் பக்கம் டெலிவரி கட்டணம் என்று மிகச் சிறிய தொகை கேட்கும். கார்டு நம்பர், சிவிவி கொடுத்ததும் ஓடிபி வரும். அந்த ஓடிபி பல நேரங்களில் அந்தச் சிறு தொகைக்கானது அல்ல. உங்கள் கார்டைத் திருடனின் ஃபோன் வாலட்டில் (கார்டு கையில் இல்லாமலே ஃபோனால் பணம் கட்டும் ஆப்) சேர்ப்பதற்கானது. ஓடிபி எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள், எதற்காக என்று அதிலேயே எழுதியிருக்கும். இன்னொரு வகையில் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் மாதச் சந்தா ஒளிந்திருக்கும். சில நாள் கழித்துத் தானாகப் பணம் பிடிக்கத் தொடங்கும்.

பென்டிரைவ் வந்தால் எந்தக் கணினியிலும் செருகவே கூடாது. பரிசுப்பெட்டி, நன்றிக் கடிதத்தோடு இவை அனுப்பப்படுவதாக எஃப்.பி.ஐ. 2022 ஜனவரியில் எச்சரித்தது. செருகியதும் அது தன்னைக் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொள்ளும். கீபோர்டைக் கணினி கேள்வி கேட்காமல் ஏற்கும். சில நொடிகளில் கட்டளைகள் தட்டச்சாகி, வைரஸ் இறங்கிவிடும். வைரஸ் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று நினைப்பது இங்கே வீண், ஏனென்றால் கோளாறு கோப்பில் இல்லை, கருவிக்குள் இருக்கிறது. ஸ்மார்ட்வாட்சும் அப்படியே: 2023 ஜூனில் அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு வந்தவை, பயன்படுத்தத் தொடங்கியதும் வைஃபையிலும் ஃபோனிலும் தானாக இணைந்தன.

விலை உயர்ந்த பொருள் வந்து, பின்னாலேயே 'தவறாக வந்துவிட்டது, ஆள் அனுப்புகிறோம்' என்று அழைப்பு வந்தால் கொடுத்துவிடாதீர்கள். திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருக்கலாம். விற்ற நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள். கேட்காமல் அனுப்பிய பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் சட்டம். பிற நாடுகளிலும் மிரட்டலுக்குப் பயந்து உடனே பணம் கட்டிவிடாமல் முதலில் விசாரியுங்கள்.

லேபிளைப் படமெடுத்து வையுங்கள். ஷாப்பிங் ஆப்பில் நேரடியாக நுழைந்து, ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். அந்தப் பொருள் அங்கே இருந்தால் உங்கள் கணக்கே பறிபோயிருக்கிறது: பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். இல்லையென்றால் டிராக்கிங் எண்ணோடு அந்தத் தளத்திடம் புகார் செய்து, உங்கள் பெயரில் உள்ள விமர்சனத்தை நீக்கச் சொல்லுங்கள். கார்டு விவரம் கொடுத்துவிட்டீர்களா? உடனே பிளாக் செய்யுங்கள். எந்த வாலட்களில் அந்தக் கார்டு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று வங்கியிடம் கேட்டு, அவற்றையும் நீக்கச் சொல்லுங்கள்.