அம்மாவும் ஆலோசகரும்: வேலூரில் கண்டது

பெற்றோரை ஊரில் தனியே விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், இம்முறை வேலூர் சென்றபோது அம்மாவுக்காக நாங்கள் நாடிய மனநல ஆலோசகரைப் பற்றி எழுதுகிறேன். அப்பா மறைந்தபின் அம்மாவுக்கு இரவுத் தூக்கம் போய்விட்டது. தூக்க மாத்திரை வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்ததால், உறவினர் ஒருவர் சொல்லி, சத்துவாச்சாரியில் தம் வீட்டின் முன்னறையிலேயே ஆலோசனை தரும் அந்த அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன்.

அவர் குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் இளம் வயதில் மனச்சிதைவு நோய்க்கு ஆளானபோது, மந்திரிப்பவர்களிடமும் கோயில்களிலும் அலைந்து ஓய்ந்தபிறகே, வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1957இல் தொடங்கப்பட்ட அம்மையத்தில், நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது நெடுநாளைய வழக்கம். அண்ணனுக்குத் துணையாகத் தாயுடன் அங்கே தங்கியிருந்தபோது, நோயாளியைக் கவனிப்பவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்றும் ஒருவர் கேட்பார் என்பதை முதன்முதலாகக் கண்டதாகவும், அதுவே தம்மை உளவியல் படிக்க வைத்தது என்றும் அவர் சொன்னார். நாங்கள் கேட்டதால்தான் இதைச் சொன்னார். அதையும் சுருக்கமாக முடித்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

முதலில் என்னை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு அம்மாவின் சம்மதத்தோடு என்னையும் உள்ளே அழைத்தபோது, துக்கத்தைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை.

"ராத்திரி எதுக்கும்மா எழுந்திருக்கிறீங்க?"

"கார்ப்பரேஷன் தண்ணி வந்துட்டுப் போயிடுமோன்னுதான். அவர் இருந்தவரைக்கும் அவர்தான் எழுந்து பிடிப்பாரு."

எத்தனையோ முறை தொலைபேசியில் பேசியும் என் காதுக்கு எட்டாத செய்தி இது. தண்ணீர் எந்தெந்த நாள் வருகிறது, மோட்டாரைப் போடத் தெரியுமா, தண்ணீர் வந்தால் எழுப்பிவிட அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்ட அவர், அதற்குரிய ஏற்பாட்டை அம்மாவின் வாயிலிருந்தே வரவழைத்தார். அதன்பிறகுதான் அம்மா அப்பாவைப் பற்றிப் பேசினார், நெடுநேரம் அழுதார். ஆலோசகர் குறுக்கிடவே இல்லை. அறிவுரையை அள்ளி வழங்குவதே ஆலோசனை என்று நம்மூரில் பலர் நினைக்கும் நிலையில், அந்தப் பொறுமையைப் பெரிய திறமையாகவே நான் மதிக்கிறேன்.

தனியே என்ன பேசினீர்கள் என்று பின்னர் நான் கேட்டதற்கு, அதை உங்கள் அம்மாதான் சொல்ல வேண்டும் என்று மென்மையாக மறுத்துவிட்டார். மனநலச் சிகிச்சை பெறுவோரின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. நடைமுறையில் அதைப் பிள்ளைகளிடமும் கடைப்பிடிப்பவர்கள் எத்தனை பேர்?

தாம் மருந்து எழுதித் தருபவர் அல்லர் என்பதையும், சோர்வு நீடித்தாலோ உயிர்மேல் வெறுப்பான பேச்சு வந்தாலோ மனநல மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னார். அவசரத்துக்கு உதவும் என்று, இரவு பகலாக இயங்கும் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்தார். அடுத்த சந்திப்புகளுக்கு அம்மா தனியாகவே ஆட்டோவில் போய் வருகிறார்.