ஸ்லீவா, பைபாஸா, ஊசியா? கிட்னியின் பக்கம் நின்று ஓர் அலசல்

உடம்பைக் குறைக்கும் ஆபரேஷன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறையும்?" சுகர் இருப்பவர் என்றால் அடுத்தது, "மாத்திரையை நிறுத்திடலாமா?" சிறுநீரில் ஏற்கெனவே புரதம் போகத் தொடங்கியவருக்கு இந்த இரண்டு கேள்வியும் போதாது. எடைக் குறைப்பில் முதலிடம் வாங்கும் ஆபரேஷன் சிலருடைய கிட்னிக்குக் கெடுதலாகவும் முடியலாம்.

உடம்பு பெருத்தால் கிட்னிக்கு ஏன் சிக்கல்? ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. எடை கூடுகிறது என்பதற்காக அந்த எண்ணிக்கை கூடாது. இருப்பவையே ஓவர்டைம் பார்க்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறி, வடிகட்டியின் சல்லடை தளர்ந்து, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கிறது. கூடவே சுகரும் பிரஷரும் இருந்தால் சேதம் வேகமாகிறது. எடை குறைந்தால் இந்த ஓவர்டைம் குறையும். எந்த வழியில் குறைப்பது என்பதில்தான் போட்டி: ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு இரைப்பை ஆபரேஷன்கள், அப்புறம் எடை குறைக்கும் ஊசி.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை நீளமான குழாய்போல விட்டுவிடுகிறார்கள். குடலைத் தொடுவதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு குடலின் முதல் பகுதியைத் தொடாமலே போய்விடும். சுகர் கட்டுப்பாட்டிலும் நீண்டகால எடைக் குறைப்பிலும் பைபாஸுக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கிறது. பின்லாந்தில் இரண்டையும் 10 ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த ஸ்லீவ்பாஸ் ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம்தான். நெஞ்செரிச்சல்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிட்னிக்கென்றே நடந்த ஆய்வு என்றால் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடந்த 'மாம்ஸ்' ஆய்வைச் சொல்ல வேண்டும். சுகரும் ஆரம்பக்கட்டக் கிட்னி பாதிப்பும் உள்ள, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30 முதல் 35 வரையிலான 100 பேர். பாதிப் பேருக்கு பைபாஸ், மீதிப் பேருக்கு அன்றைக்கு இருந்ததில் சிறந்த மருந்துச் சிகிச்சை. 2020-இல் வெளியான இரண்டாண்டு முடிவில், அல்புமின் கசிவு இயல்பு நிலைக்குத் திரும்பியவர்கள் பைபாஸில் 82 சதவீதம், மருந்தில் 55 சதவீதம். ஆபரேஷன்காரர்கள் எல்லா மேடையிலும் காட்டும் ஸ்லைடு இதுதான். ஐந்தாண்டு முடிவை அவ்வளவு சத்தமாகச் சொல்லிக் கேட்க முடிவதில்லை. இரு குழுக்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி அதில் சுருங்கி, புள்ளியியல்படி பெரிய வித்தியாசம் இல்லை என்றாகிவிட்டது. பைபாஸ் தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஒழுங்காக மருந்து எடுத்தவர்களும் நன்றாகவே இருந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னும் நீண்ட காலத்துக்குப் பார்த்தது 1987-இல் தொடங்கிய சுவீடன் ஆய்வு. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், சராசரியாக 18 ஆண்டுக் கண்காணிப்பு. முற்றிய கிட்னி நோய் வரும் அபாயம், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ஆனால் அங்கே பெரும்பாலும் செய்யப்பட்டவை இன்று கைவிடப்பட்ட பழைய முறைகள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் இன்றைய ஸ்லீவுக்கு அதை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது.

சரி, பைபாஸில் கிட்னிக்கு என்ன கெடுதல்? கல். இயல்பான குடலில் உணவிலுள்ள ஆக்சலேட்டைக் கால்சியம் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். பைபாஸுக்குப் பிறகு கொழுப்பு முழுதாகச் செரிக்காது. அந்தக் கொழுப்பு கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, ஆளில்லாமல் நின்ற ஆக்சலேட் பெருங்குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கும் அங்கிருந்து சிறுநீருக்கும் வருகிறது. கல்லாக வந்தால்கூடச் சமாளிக்கலாம். சிலருக்குக் கிட்னித் திசுவுக்குள்ளேயே படிகங்களாகப் படிந்து, டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. அறுபது, எழுபதுகளில் செய்த பழைய குடல் பைபாஸைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். குடலை அதிகம் தாண்டவிடும் எந்த முறையிலும் இந்த அபாயம் கூடும். ஸ்லீவில் மிகக் குறைவு.

இங்கே நம் சமையலறைப் பழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. பாலக், முளைக்கீரை, பீட்ரூட், பாதாம், கறுப்புத் தேநீர் எல்லாவற்றிலும் ஆக்சலேட் உண்டு. கேரளத்தில் பிலிம்பி என்ற புளிப்புக் காயின் ஜூஸைக் குடித்தே கிட்னி செயலிழந்தவர்கள் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறார்கள், அதுவும் எந்த ஆபரேஷனும் இல்லாமல்! கல்லுக்குப் பயந்து கால்சியம் மாத்திரையை நிறுத்துவது தலைகீழ் வைத்தியம். பைபாஸ் செய்தவர் கால்சியம் சிட்ரேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும். ராத்திரி படுக்கும்போது தனியாகப் போட்டால், பிடித்துக்கொண்டு போவதற்குக் குடலில் ஆக்சலேட் இருக்காது.

மூன்றாவது போட்டியாளர் ஊசி. வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட், சுகரும் கிட்னி நோயும் சேர்ந்த 3,533 பேரிடம் 'ஃப்ளோ' ஆய்வில் சோதிக்கப்பட்டது. 2024-இல் வந்த முடிவின்படி பெரிய கிட்னி பாதிப்புகளும் கிட்னி அல்லது இதய நோயால் வரும் மரணங்களும் சேர்ந்து 24 சதவீதம் குறைந்தன. இதில் பயன்பட்டது 1 மில்லிகிராம், எடைக்கென்று போடும் 2.4 மில்லிகிராம் அல்ல. குறை என்னவென்றால், ஊசியை நிறுத்தினால் எடை திரும்பிவிடும். ஆரம்பத்தில் வாந்தி, பேதி வந்து தண்ணீர் வற்றினால் கிரியேட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் தேங்கும் கழிவு) சட்டென ஏறும்.

இந்த மூன்றையும் பேசுகிறவர்கள் பல நேரம் நான்காவதை மறந்துவிடுகிறார்கள்: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள். எடையில் இரண்டு மூன்று கிலோதான் குறையும். கிட்னியைக் காப்பதிலோ சுகர் இல்லாதவர்களுக்கும் பலன் உண்டு. 2020-இல் வந்த டாபா-சி.கே.டி. ஆய்வில் மூன்றில் ஒருவருக்குச் சுகரே கிடையாது. காப்புரிமை முடிந்தபின் இங்கே விலையும் மலிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். கஞ்சியும் ஜூஸுமாக இருக்கும் நாட்களில் இதைத் தொடர்ந்தால், சுகர் அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும்.

என் கணக்கு இது. புரதம் லேசாகப் போகிறது, பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருக்கிறது என்றால் முதலில் மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி. சுகர் அடங்கவே இல்லை, கல் வந்த சரித்திரம் இல்லை, கிட்னி இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்றால் பைபாஸ். கல் வந்தவர், கிரியேட்டினின் ஏறிவிட்டவர், மாற்றுக் கிட்னிக்குக் காத்திருப்பவர் என்றால் ஸ்லீவ்தான். மாற்றுக் கிட்னிக்குப் பின் போடும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் உடம்பில் ஏறும் அளவைப் பைபாஸ் குழப்பிவிடும் என்பதும் காரணம். எதைச் செய்தாலும் மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இனி கிடையாது. கிட்னிக்கும் ஆகாது, பைபாஸ் தையலில் புண்ணும் வரும்.

ஆபரேஷனுக்குப் பின் கிரியேட்டினின் இறங்கியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அது தசையிலிருந்து வரும் கழிவு. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தால், கிட்னி தேறாமலே அந்த எண் இறங்கும். தசையைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துக்கொள்வதும், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சிறுநீரின் அல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தை ஒப்பிடுவதும் உண்மையைச் சொல்லும். புரத உணவிலும் இழுபறி உண்டு. ஆபரேஷன் டாக்டர் தினம் 60 கிராமுக்குக் குறையாதே என்பார், கிட்னி டாக்டர் அளவோடு சாப்பிடு என்பார். இரண்டு பேரையும் ஒரே எண்ணுக்குச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5-லிருந்தே ஆபரேஷனை யோசிக்கலாம் என்கிறது. நம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பொதுவான விதியோ 40 கேட்கிறது. 35 என்றால் கூடவே இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சுகர் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். அந்தப் பட்டியலில் கிட்னி நோய் இல்லை. பி.எம்.ஐ. 36, சுகர் கட்டுக்குள், சிறுநீரில் மட்டும் புரதம் என்று இருப்பவர் அட்மிஷனுக்கு முன்பே முன்-அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.