தங்க நானோ துகள் ஒளிவினைக் கலன்: சேலத்து ஆய்வகங்களுக்கு ஒரு மதிப்பீடு

கரியமில வாயுவையும் தண்ணீரையும் ஒளியால் எரிபொருளாக்கும் சோதனைக்கான இந்த 100 மி.லி. கலன், கல்லூரி ஆய்வகங்கள் வாங்கத் தக்கது. இரட்டைச் சுவர்க் கண்ணாடி, காந்தக் கலக்கி, 525 நானோமீட்டர் பச்சை எல்இடி. சிறிய தங்கத் துகள் ஒளியை அதிகம் உறிஞ்சுவதும் அந்தப் பகுதியில்தான். 2019-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் ஜெயின் குழு மீத்தேன் முதல் புரொப்பேன் வரை எடுத்தது தங்கம், பச்சை ஒளி, அயனித் திரவம் (திரவ நிலையிலேயே இருக்கும் உப்பு) மூன்றையும் சேர்த்து. அயனித் திரவத்தைத் தனியே வாங்க வேண்டும்.

கலனோடு வரும் கையேட்டின் பெரிய குறை, தங்கத் துகள் தயாரிக்கச் சேர்க்கும் சிட்ரேட்டைப் பற்றியது. தங்கம் கொண்ட குளோரோஆரிக் அமிலத்தை 0.25 மில்லிமோலார் செறிவில் கொதிக்கவைத்து 1% சோடியம் சிட்ரேட் ஊற்றினால் தங்கத் துகள் உருவாகி ஒயின் சிவப்பு வரும், சரி. ஆனால் மிஞ்சும் சிட்ரேட்டிலும் கார்பன் உண்டு. அது சிதைந்தால் வரும் வாயு வெற்றி போலவே தெரியும். மையவிலக்கியில் கழுவியே தீர வேண்டும். எரிபொருள் கரியமில வாயுவிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க, அதற்குப் பதில் ஆர்கான் செலுத்தி ஒரு சோதனை, இருட்டில் ஒன்று, முடிந்தால் கார்பன்-13 (தடம் காணக்கூடிய கனமான கார்பன்) உள்ள கரியமில வாயு கொண்டு ஒன்று. இவை இல்லாத முடிவை நம்பவே கூடாது.

போர்வெல் தண்ணீர் பட்டால் உப்பால் துகள்கள் திரண்டு நீலமாகும். அயனி நீக்கிய நீரே வேண்டும். ரப்பர் மூடி மட்டம், பலமுறை ஊசி குத்தினால் கசிகிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் இரட்டைச் சுவர்களுக்கு இடையே குளிர்நீர் ஓடட்டும். சூடான நீரில் கரியமில வாயு குறைவாகவே கரையும். ஏற்காட்டில் வைத்தால் 1,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சுமார் 15% குறைவு, நீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். வாயுக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.