தேவனஹள்ளி செப்டிக் டேங்க் லாரியும் அது போய்ச் சேர்ற பிளாண்ட்டும்: 5க்கு 4

பெங்களூரு பக்கத்துல இருக்கிற தேவனஹள்ளிலதான் இப்ப இருக்கேன், எங்க தெருவுல பாதாள சாக்கடை இல்ல, எல்லா வீட்டுக்கும் செப்டிக் குழிதான். போன மாசம் நிரம்பிடுச்சுன்னு லாரிய கூப்பிட்டோம், சொன்ன நேரத்துக்கு வந்தாங்க, ஹோஸ விட்டு அரை மணி நேரத்துல உறிஞ்சிட்டாங்க, யாரும் குழிக்குள்ள இறங்கல, மனுஷன் கையால மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு கவசம் இல்லாம இறக்கவும் கூடாது. வழக்கமா இதோட விட்டுருவோம். நான் மட்டும் "அண்ணா இத எங்க கொண்டு போய் ஊத்துவீங்க"ன்னு டிரைவர்கிட்ட கேட்டேன், ஏன்னா முன்னாடி இருந்த ஊர்ல எங்க வீட்டுக்கு வந்த லாரியே ராத்திரில ஏரிக்கால்வாய்ல திறந்து விட்டத கண்ணால பாத்திருக்கேன், அந்த நாத்தம் இன்னும் மறக்கல. அவர் "வேணும்னா பின்னாடியே வாங்க"ன்னாரு, பைக்க எடுத்துட்டு போயிட்டேன்.

லாரி போய்ச் சேர்ந்தது 2015ல ஆரம்பிச்ச பிளாண்ட்டுக்கு, ஒரு முழு ஊருக்குன்னு இந்தியாவுல வந்த முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இதுதான். டிசைன் பண்ணது பெங்களூரு சிடிடி சொசைட்டிங்கிற தொண்டு நிறுவனம். மோட்டார் சத்தமே இல்ல, எல்லாம் மேட்டுலருந்து பள்ளத்துக்கு தானா ஓடுற மாதிரி கட்டிருக்காங்க, கரண்டு போனாலும் நிக்காது. லாரி கொட்டுனது முதல்ல மூடின தொட்டிக்கு போய் காத்தில்லாம புளிக்குது, அப்புறம் மணலும் ஜல்லியும் போட்ட படுகைல பரப்பி காய விடுறாங்க, தண்ணி கீழ வடிஞ்சு ஃபில்டர் தொட்டி தாண்டி செடி வெச்ச ஜல்லிப் படுகைக்கு வருது. மேல காஞ்சு நிக்கிற கசடு வெடிச்ச வயல் மண்ணு மாதிரி இருக்கு. அத ஊர் காய்கறிக் குப்பையோட சேத்து மக்க வெக்கிறாங்க, அந்தச் சூட்டுலதான் குடல்புழு முட்டையெல்லாம் சாகும். கைல எடுத்துப் பாத்தேன், நாத்தம் இல்ல.

எனக்கு சொந்த ஊர் ஓசூர். நந்தி மலைல பொறக்குற தென்பெண்ணை இந்தப் பக்கமா ஓஸ்கோட்டை வழியாதான் எங்க கெலவரப்பள்ளி அணைக்கு வருது. அங்க நுரை பொங்குறத பாத்திருப்பீங்க, அதுக்கு முக்கியக் காரணம் பெங்களூரு சாக்கடை, இந்தச் சின்ன ஊர் இல்ல, அது தெரியும். ஆனா கீழ இருக்கிறவனுக்கு மேல இருந்து வர்ற ஒவ்வொரு லோடும் கணக்குதான், ஒரு லாரி செப்டிக் கசடுங்கிறது சாதா சாக்கடைத் தண்ணிய விட பல மடங்கு கெட்டி, ஒரு ஓடைல கொட்டினா அதுல மீனு மூச்சு விட முடியாது. அந்த லாரி ஓடைப் பக்கம் திரும்பாம இந்த கேட்டுக்குள்ள போறத பாத்தப்ப நெஜமாவே மனசு நெறஞ்சுது.

ஒரு ஸ்டார் குறைச்சது அளவுக்காக. ஒரு நாளைக்கு 6 ஆயிரம் லிட்டர்தான் தாங்கும், 4 ஆயிரம் லிட்டர் லாரின்னா ஒண்ணரை லோடு. 2011 கணக்குலயே 28 ஆயிரம் பேர் இருந்த ஊரு, ஏர்போர்ட் வந்த பிறகு சுத்தி எவ்ளோ வீடுன்னு சொல்லவே வேணாம். இன்னொண்ணு கட்டியே ஆகணும், இடத்த இப்பவே எடுத்து வெக்கணும். லாரி கொட்டுற இடத்துல மட்டும் நல்லா நாறும், பத்தடி தள்ளி வந்துட்டா பரவாயில்ல.

இங்க இருக்கிறவங்களுக்கு: நாப்கின், டயப்பர் எதையும் கக்கூஸ்ல போடாதீங்க, ஹோஸ் அடைச்சா அத கையால எடுக்கிறது ஒரு மனுஷன்தான். ஆசிட்ட கொட்டிக் கழுவாதீங்க, புளிக்க வைக்கிற கிருமி செத்துரும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுங்க, அதையும் மழைக்கு முன்னாடியே சொல்லிடுங்க, மழைல படுகை காய ரொம்ப நாள் ஆகுதாம்.